எதிர்க்கடை விளம்பரத்தை எட்டிப் பார்ப்போம்

வியாபாரம் என்று ஒன்று உலகில் தோன்றிய நாளிலிருந்தே எதிர்க்கடையை எட்டிப் பார்க்கும் வழக்கமும் இருந்து வருகிறது. முன்பெல்லாம் மளிகைக்கடை முதலாளிகள் காலையில் கடை திறந்ததும் கடைப்பையனை அனுப்பி, எதிர்க்கடைப் பலகையில் துவரம் பருப்புக்கு என்ன விலை எழுதியிருக்கிறது என்று பார்த்து வரச் சொல்வார்கள். அதை யாரும் தவறாக நினைத்ததில்லை. பலகை தெருவைப் பார்த்துத்தானே இருக்கிறது?

இன்று அந்தப் பலகை தெருவில் இல்லை. கைப்பேசிக்குள் போய்விட்டது. அதுவும் எல்லோருக்கும் ஒரே பலகை அல்ல. ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் கணவனுக்கு பேஸ்புக் ஒரு விளம்பரத்தைக் காட்டுகிறது, மனைவிக்கு வேறொன்றைக் காட்டுகிறது. நம் போட்டியாளர் யாரிடம் என்ன சொல்லி வியாபாரம் செய்கிறார் என்பது நம் கண்ணில் படாமலே போய்விடலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள நேர்மையான, காசு செலவில்லாத வழிகள் இருக்கின்றன. அவை என்ன, அவற்றில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

"தண்டவாளம் பார்த்தவருக்கு விளம்பரத்தில் என்ன வேலை?" என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. அடியேன் சிவில் டிப்ளமா முடித்து மத்திய ரயில்வேயில் சேர்ந்து, பெர்மனென்ட் வே பிரிவில் புஷ் டிராலியிலும் கால்நடையாகவும் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். விளம்பரம் என் தொழில் அல்ல. டோம்பிவிலியில் எங்கள் கட்டடத்தின் நான்காவது மாடியில் குடியிருக்கும் சகோதரி ஒருவர்தான் என்னை இதில் இறக்கிவிட்டார்.

அவர் கணவர் வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்டபின், வீட்டிலேயே இட்லி மாவு அரைத்தும் பொடி வகைகள் இடித்தும் விற்கத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் நன்றாகவே நடந்தது. பிறகு தானேயிலிருந்து ஒருவர் "ஒரு கிலோ வாங்கினால் அரை கிலோ இலவசம்" என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்தார். சகோதரியும் பதிலுக்கு நாள் ஒன்றுக்கு ரூ. 300 வீதம் ஒரு மாதம் விளம்பரத்தில் போட்டார். ரூ. 9,000, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ. 1,620. ஆக மொத்தம் ரூ. 10,620 போய்விட்டது. அந்தப் பணத்துக்கு எத்தனை ஆர்டர் வந்தது என்று கேட்டேன். கணக்கு இல்லை.

"மாமா, நானும் கிலோ 55 ரூபாய்க்குக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கச் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று யோசனை" என்றார். அவர் விற்கும் விலை கிலோ ரூ. 80. அரிசி, உளுந்து, மின்சாரம், பாக்கெட், கொண்டுபோய்க் கொடுக்கும் பையனுக்குக் கூலி எல்லாம் சேர்த்து அடக்கம் ரூ. 56. அதாவது கிலோவுக்கு ஒரு ரூபாய் கைநஷ்டம், அதன் மேல் அடகு வட்டி வேறு. "சங்கிலியைத் தொடுவதற்கு முன் ஒரு மாதம் எனக்குக் கொடும்மா. எதிராளி உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்றேன்.

விளம்பரத்துக்கு ஒரு நூலகம்

2016ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பிறகு, பேஸ்புக்கில் யார் யாருக்கு என்ன விளம்பரம் காட்டினார்கள் என்பது பெரிய சர்ச்சையானது. அதன் விளைவாக 2018இல் அந்த நிறுவனம் அரசியல் விளம்பரங்களை எல்லோரும் பார்க்கும்படி ஒரு பொதுச் சேமிப்பில் வைத்தது. 2019 மார்ச்சில் அரசியல் மட்டுமன்றி, ஓடிக்கொண்டிருக்கும் எல்லா விளம்பரங்களையும் அதில் சேர்த்தது. ஆங்கிலத்தில் ‘ஆட் லைப்ரரி’ என்பார்கள். 2021இல் பேஸ்புக் நிறுவனம் மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகு அது மெட்டா ஆட் லைப்ரரி ஆயிற்று. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டின் விளம்பரங்களும் அதில் கிடைக்கும். பேஸ்புக் கணக்கு இல்லாதவர்கள்கூடப் பார்க்கலாம்.

உபயோகிக்கும் முறை எளிது. நாட்டை இந்தியா என்று குறிப்பிட்டு, போட்டியாளரின் பக்கப் பெயரையோ, ‘இட்லி மாவு’ போன்ற ஒரு சொல்லையோ கொடுத்தால் போதும். இப்போது ஓடும் விளம்பரங்கள் படம், வீடியோ, வாசகத்தோடு வந்து நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் அது எந்தத் தேதியில் தொடங்கியது என்று இருக்கும். பேஸ்புக்கில் ஓடுகிறதா, இன்ஸ்டாகிராமில் ஓடுகிறதா என்பது சின்னங்களாகத் தெரியும். அழுத்தினால் வாட்ஸப்புக்குப் போகிறதா, இணையக் கடைக்குப் போகிறதா என்பதும் தெரியும்.

யூடியூப், கூகுள் தேடல் ஆகியவற்றில் வரும் விளம்பரங்களுக்குக் கூகுள் நிறுவனம் 2023இல் இதே போன்ற ஒரு மையத்தைத் திறந்தது. ‘ஆட்ஸ் டிரான்ஸ்பரன்ஸி சென்டர்’ என்று அதற்குப் பெயர். அலுவலகங்களுக்குப் பொருளோ சேவையோ விற்பவர்களுக்கு லிங்க்டின் தளத்திலும் ஒரு விளம்பர நூலகம் உண்டு. இட்லி மாவுக்கு அது தேவையில்லை.

ஒரு முக்கியமான விஷயம். தேர்தல், அரசியல், சமூகப் பிரச்சினை சம்பந்தமான விளம்பரங்களை மெட்டா 7 ஆண்டுகள் சேமித்து வைக்கிறது. சுமாராக எவ்வளவு செலவானது, எத்தனை முறை காட்டப்பட்டது என்ற விவரமும் அவற்றுக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் காட்டப்பட்டவை சாதாரண விளம்பரங்களானாலும், நின்றபின் ஓராண்டு இருக்கும். நம் நாட்டில் மாவு, புடவை, டியூஷன் போன்ற சாதாரண விளம்பரங்களுக்கு இந்த வசதி இல்லை. ஓடும் வரையில்தான் தெரியும், நிறுத்திய மறுகணம் மறைந்துவிடும். ஆகவே ஒருநாள் பார்த்துவிட்டு விட்டால் பயனில்லை. தினமும் பார்த்து எழுதி வைக்க வேண்டும். மறைந்து போன விளம்பரத்துக்கு உங்கள் நோட்டுப் புத்தகம் ஒன்றுதான் சாட்சி.

நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுத வேண்டும்?

எழுதி வைப்பது எனக்குக் கைவந்த கலை. ரயில்வேயில் எழுதாத வேலை செய்யாத வேலை. 200 பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டுப் பத்திகள் பிரித்தேன். விளம்பரம் தொடங்கிய தேதி, நான் கடைசியாகப் பார்த்த தேதி, படமா வீடியோவா, என்ன மொழி, முதல் வரி என்ன சொல்கிறது, விலை இருக்கிறதா, சலுகை இருக்கிறதா, பட்டனை அழுத்தினால் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. தினமும் காலைக் காப்பிக்குப் பின் பத்து நிமிடம். மூன்று போட்டியாளர்களைத் தேர்ந்தெடுத்தோம். மூன்றுக்கு மேல் போனால் சலிப்புத் தட்டிவிடும்.

இந்தப் பத்திகளில் மிகவும் முக்கியமானது தொடங்கிய தேதி. காரணம் சொல்கிறேன். கிளாட் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்க விளம்பர நிபுணர் 1923இல் எழுதிய ‘சயன்டிஃபிக் அட்வர்டைஸிங்’ என்ற நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. அந்தக் காலத்தில் தபால் மூலம் பொருள் விற்றவர்கள் ஒவ்வொரு விளம்பரத்தோடும் ஒரு கூப்பனை அச்சிட்டு, அதில் ஓர் அடையாளக் குறியும் போடுவார்கள். எந்தக் கூப்பன் அதிகம் திரும்பி வருகிறது என்பதை வைத்து எந்த விளம்பரம் விற்கிறது என்று கண்டுகொள்வார்கள். விற்காததை நிறுத்துவார்கள், விற்பதைத் தொடர்வார்கள். ஆகவே திரும்பத் திரும்ப வரும் விளம்பரம் காசு கொண்டுவரும் விளம்பரமாகத்தான் இருக்கும் என்பது வெளியில் இருந்து பார்ப்பவருக்கும் புலப்படும். நூறு ஆண்டுகள் ஆகியும் இந்தத் தர்க்கம் மாறவில்லை.

நான்கு வாரத்தில் தெரிந்தவை

முதல் போட்டியாளர் பெரிய கம்பெனி. கடைகளிலும் பத்து நிமிட டெலிவரி ஆப்களிலும் அவர்கள் மாவு கிடைக்கும். ஏழெட்டு விளம்பரங்கள் வந்து வந்து போயின. ஆனால் ஒரு தாய் முறுகலாகத் தோசை வார்க்கும் சிறு வீடியோ மட்டும் நாங்கள் பார்க்கத் தொடங்கியபோதே மூன்று மாதம் ஆகியிருந்தது. நான்கு வாரமும் அது நகரவில்லை. அதில் விலை கிடையாது, சலுகை கிடையாது. சோடா உப்பு சேர்க்கவில்லை என்பது ஒன்றுதான் செய்தி.

இரண்டாவது நபர்தான் நம் சகோதரியின் தூக்கத்தைக் கெடுத்த தானேக்காரர். அரை கிலோ இலவசம் என்ற அந்த விளம்பரம் ஒன்பதாம் நாள் மறைந்துவிட்டது. அடுத்த வாரக் கடைசியில் மூன்று நாள் தலைகாட்டிவிட்டு மறுபடி காணாமல் போயிற்று. அதே சமயம் அவருடைய வேறொரு விளம்பரம் ஐம்பது நாளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அது மாவைப் பற்றியதே அல்ல. ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஐந்து பொடிகள் அடங்கிய ஒரு பெட்டி. அவருக்குச் சோறு போடுவது பொடிப் பெட்டிதான் போலிருக்கிறது, மாவுச் சலுகை ஆட்களை இழுக்கும் தூண்டில் என்று நான் ஊகித்தேன்.

மூன்றாவது ஒரு கேட்டரிங்காரர். பூஜை, பிறந்தநாள் ஆர்டர்கள்தான் அவர் விளம்பரம் முழுவதும். நமக்கு நேரடிப் போட்டியே இல்லை.

இதைப் பார்த்ததும் விலையைக் குறைப்பது பற்றிய பேச்சு தானாகவே அடங்கியது. நீடித்து ஓடும் விளம்பரம் ஒன்றுகூட விலையைப் பற்றிப் பேசவில்லை. விலையைப் பற்றிப் பேசிய ஒன்றையும் அதைப் போட்டவரே தொடரவில்லை. நஷ்டத்துக்கு விற்று ஈடுகட்ட நினைத்தது, எதிராளியே கைவிட்டுவிட்ட ஒரு சலுகையை!

1980களில் தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு லலிதாஜியை நினைவிருக்கும். கர்சன்பாய் படேல் அகமதாபாத்தில் தொடங்கிய நிர்மா, மிகக் குறைந்த விலையில் சர்ஃப் பவுடரின் சந்தையைப் பிடித்துக்கொண்டே போனது. ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி சர்ஃபின் விலையை நிர்மா அளவுக்கு இறக்கவில்லை. மலிவு வேறு, லாபகரமாக வாங்குவது வேறு என்று லலிதாஜி என்ற கண்டிப்பான குடும்பத் தலைவியைக் கொண்டு வீட்டுக்கு வீடு சொல்ல வைத்தது. குறைந்த விலைச் சந்தைக்கு வீல் என்ற வேறொரு பவுடரைக் கொண்டு வந்தது. எதிராளி அடிக்கும் இடத்திலேயே போய் நின்று அடி வாங்க வேண்டும் என்பதில்லை. நமக்குப் பலம் உள்ள இடம் எது என்று பார்த்து அங்கே நிற்கலாம். திருக்குறளில் வலியறிதல் அதிகாரம் தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடைபோட்டுச் செயலில் இறங்கச் சொல்வதும் இதைத்தான்.

ஒருவர் சாட்சி போதாது

ஆனால் இந்த நூலகத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வந்துவிடக் கூடாது. விளம்பரம் ஓடுகிறது என்று அது சொல்லும், மாவு விற்கிறது என்று சொல்லாது. இந்தியாவில் சாதாரண விளம்பரத்துக்குச் செலவான தொகையும் அதில் இருக்காது. ஒருவர் பத்து விளம்பரம் போட்டிருப்பதால் பெருந்தொகை செலவழிக்கிறார் என்று அர்த்தமில்லை. நீண்ட நாள் ஓடும் விளம்பரம் நிறுத்த மறந்துபோனதாகவும் இருக்கலாம். திருக்குறளில் ஒற்றாடல் என்று 59ஆவது அதிகாரம் இருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று வள்ளுவர் அதில் அறிவுறுத்துகிறார். நாங்களும் அப்படியே சில காரியங்கள் செய்தோம்.

ஒன்று, விளம்பரம் நம் கைப்பேசியிலேயே வரும்போது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘இந்த விளம்பரம் எனக்கு ஏன் காட்டப்படுகிறது’ என்பதைப் பார்ப்பது. எந்த வயதுக்காரருக்கு, எந்த ஊர்க்காரருக்கு என்று விளம்பரதாரர் குறித்தவற்றில் சில அங்கே தெரியும். நூலகத்தில் நாடு வரைதான் தேட முடியும் என்பதால், ஊர் விவரத்துக்கு இதுதான் துணை. பெரிய கம்பெனியின் விளம்பரம் சகோதரியின் கல்லூரி போகும் மகளுக்கு வந்தது. எனக்கு வரவே இல்லை. என்னிடம் மாவு விற்க அவர்களுக்கு உத்தேசம் இல்லை போலும்!

இரண்டு, போட்டியாளரின் பக்கத்தில் வாடிக்கையாளர்கள் எழுதும் கருத்துகளைப் படிப்பது. நூலகத்தில் கருத்துகள் இருக்காது. அவர்களுடைய பக்கத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். எனக்குப் பெரும் புதையல் கிடைத்தது அங்கேதான். பாக்கெட் ஏன் ஊதியிருக்கிறது, கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டிருந்தார்கள். இரண்டாம் நாளே புளிப்பு, குழந்தை சாப்பிட மறுக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மாவு புளிப்பதும் பொங்குவதும் நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். மராத்திக் குடும்பத்துக்கும் குஜராத்திக் குடும்பத்துக்கும் அதை யாராவது சொல்ல வேண்டாமா? மூவரில் ஒருவரும் சொல்லவில்லை.

மூன்று, கடைக்குப் போய் நம் பெயரில், நம் காசில் ஒரு பாக்கெட் வாங்கிச் சுட்டுச் சாப்பிட்டுப் பார்ப்பது. அரைத்த தேதிக்கும் நாம் வாங்கிய தேதிக்கும் இடையில் எத்தனை நாள் என்று பார்ப்பது. மாலையில் அலமாரியில் எத்தனை பாக்கெட் மிச்சம் என்று கடைக்காரரிடமே விசாரிப்பது. அவர் மறைக்க மாட்டார்.

விட்டுப்போன இடத்தில் நாம்

நான்கு வார முடிவில் நோட்டை வைத்துக்கொண்டு, மூவரும் என்ன சொல்லவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதினோம். எப்போது அரைத்த மாவு என்பதை யாரும் சொல்லவில்லை. புளிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. தமிழிலும் மராத்தியிலும் யாரும் எழுதவில்லை, எல்லாம் ஆங்கிலமும் ஹிந்தியும்தான். நம் சகோதரியோ காலையில் அரைத்து மாலையில் கொடுப்பவர். ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் கொடுக்கவும் மாட்டார். முன்பு அவர் மும்பை முழுவதற்கும் விளம்பரம் செய்திருந்தார். போரிவிலியில் இருப்பவர் பார்த்து என்ன பிரயோஜனம்?

புதிய விளம்பரம் டோம்பிவிலி நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு மட்டும் என்று முடிவாயிற்று. ஒரே படத்தை வைத்து இரண்டு வாசகங்கள் தயார் செய்தோம். ஒன்று, "வீட்டு முறை இட்லி மாவு, கிலோ ரூ. 80." மற்றது, "இன்று காலை அரைத்தது, இன்று மாலை உங்கள் வாசலில். புளிக்க வைப்பது எப்படி என்றும் சொல்லித் தருகிறோம்." படம், இடம், விலை எதையும் மாற்றவில்லை. மாற்றுவது ஒன்றாக இருந்தால்தான் பலன் எதனால் வந்தது என்று தெரியும். இப்படி இரண்டை ஒப்பிட்டுப் பார்க்க, ஒருவருக்கு ஒன்றுதான் போகும்படி பிரித்துக் காட்டும் வசதியை மெட்டாவே தருகிறது.

இரண்டும் வாட்ஸப்புக்குப் போகும்படி அமைத்தோம். முதலாவதை அழுத்துபவருக்கு "மாவு வேண்டும்" என்றும், இரண்டாவதை அழுத்துபவருக்கு "இன்றைய மாவு வேண்டும்" என்றும் செய்தி தானாகவே எழுதப்பட்டு வரும். அதை அவர் அனுப்பினாலே எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தார் என்று தெரிந்துவிடும். ஹாப்கின்ஸ் காலத்துக் கூப்பன்தான், காகிதம் இல்லை, அவ்வளவே!

நாள் ஒன்றுக்குத் தலா ரூ. 100, பதினான்கு நாட்கள். வரியோடு ஒவ்வொன்றுக்கும் ரூ. 1,652. முதலாவதைப் பார்த்து 17 பேர் விசாரித்து 6 பேர் வாங்கினார்கள். இரண்டாவதைப் பார்த்து 41 பேர் விசாரித்து 23 பேர் வாங்கினார்கள். ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க முதலாவதில் ரூ. 275, இரண்டாவதில் ரூ. 72. ஒரு குடும்பம் வாரம் இரண்டு கிலோ வாங்கினால் கிலோவுக்கு ரூ. 24 வீதம் ரூ. 48 நிற்கும். ரூ. 72 இரண்டாம் வாரத்தில் வந்துவிடும். ரூ. 275 திரும்ப ஆறாவது வாரம் ஆகும்.

இதைப் பெரிய வெற்றி என்று பறைசாற்ற மாட்டேன். எண்ணிக்கை சிறியது. மழை, பண்டிகை, பள்ளி விடுமுறை எல்லாம் மாவு வியாபாரத்தைப் பாதிக்கும். ஆனால் விலை குறையவில்லை, சங்கிலி அடகுக்கடை போகவில்லை. விளம்பரச் செலவுக்கு இன்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்த 23 குடும்பங்களில் பலர் இன்றும் வாங்குகிறார்கள். அதற்குக் காரணம் விளம்பரம் அல்ல, மாவு.

ரயில்பாதையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஜல்லியைக் கெட்டித்துப் பேக்கிங் செய்ய வேண்டியிருந்தால், கோளாறு மேலே இல்லை, கீழே மண்ணில் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். விளம்பரத்தை மாற்றி மாற்றிப் போட்டும் வாங்கியவர் மறுபடி வரவில்லை என்றால், போட்டியாளரின் விளம்பரத்தை ஆராய்வதை நிறுத்திவிட்டு நம் சரக்கைப் பார்க்க வேண்டும்.

எல்லை எங்கே?

பார்ப்பதற்கு உரிமை உண்டு, எடுப்பதற்கு இல்லை. போட்டியாளரின் படத்தையோ வீடியோவையோ வாசகத்தையோ எடுத்து நம் விளம்பரத்தில் போடுவது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

பெயரைச் சொல்லித் தாக்குவதும் கூடாது. துணிக்குப் போடும் நீலத்தில் உஜாலாவுக்கும் ராபின் புளூவுக்கும் இடையே நடந்த வழக்கில், 1990களின் இறுதியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னதை இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். ஒரு வியாபாரி தன் சரக்கே சிறந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், மற்றவர் சரக்கைவிட மேல் என்றும் சொல்லலாம், ஆனால் மற்றவர் சரக்கு மட்டம் என்று சொல்லி அவர் பெயரைக் கெடுக்கக் கூடாது. அதற்காக வாய்க்கு வந்தபடி பெருமை பேசலாம் என்று நினைக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ரூ. 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். 2022 ஜூனில் இதற்கென விரிவான வழிகாட்டு நெறிகளும் வந்தன. இன்று காலை அரைத்தது என்று விளம்பரம் செய்தால், இன்று காலை அரைத்ததாகவே இருக்க வேண்டும்.

சட்டத்துக்கு அப்பால் மனசாட்சி என்று ஒன்றும் இருக்கிறது. பொய்ப் பெயரில் ஆர்டர் கொடுத்து ரத்து செய்வது, போட்டியாளரின் பக்கத்தில் பொய்யாகக் குறை எழுதுவது, அவருக்குச் செலவு வைக்கவே விளம்பரத்தை வேண்டுமென்று திரும்பத் திரும்ப அழுத்துவது போன்றவற்றைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். அது சாமர்த்தியம் அல்ல, திருட்டு. நூலகத்தில் பார்த்தால் போட்டியாளருக்கு ஒரு பைசா செலவில்லை, பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தவிர, நாம் அவரைப் பார்ப்பது போல அவரும் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

நம் சங்க உறுப்பினர் குடும்பங்களில் மாவு, பொடி, அப்பளம், பிளவுஸ் தையல், பாட்டு வகுப்பு, டியூஷன் என்று வீட்டிலிருந்தே தொழில் நடத்தும் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது அடுத்த மாத விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், அதற்கு முன் நான்கு வாரம் மூன்று போட்டியாளர்களைக் கவனித்து எழுதிப் பாருங்கள். செலவு ஒரு நோட்டுப் புத்தகம். ஞாயிறு மாலை தமிழ் வகுப்பு நடக்கும் நேரத்தில் நான் சங்கத்தின் நூலக அறையில்தான் இருப்பேன். பத்திகள் பிரிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புவோர் தயங்காமல் வரலாம். வரும்போது போன மாத விளம்பரச் செலவையும், அதனால் வந்த ஆர்டர் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டாவது எண் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.